மாஸ்க் கழன்ற பிறகு தண்ணீருக்குள் பேசிக்கொண்டது

ஸ்கூபா டைவிங் கற்கப் போனால் முதல் நாளே கைச் சைகைகளைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையமாகச் சேர்ந்தால் "நலம்". கட்டைவிரல் மேலே நின்றால் "மேலே போகலாம்". விரித்த கை இப்படியும் அப்படியும் ஆடினால் "ஏதோ சரியில்லை". எல்லாமே பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியவை. கண்ணையும் மூக்கையும் மூடியிருக்கும் மாஸ்க் போய்விட்டால் நாம் காட்டுவது துணைக்கு வந்தவருக்குத் தெரியும், அதுவும் அவர் நம் பக்கம் திரும்பியிருந்தால். அவர் பதிலுக்குக் காட்டுவது நமக்குத் தெரியவே தெரியாது. டைவிங் போகிற நம்மவர்கள் பலர் இதைப் பேசிக்கொள்ளாமலே தண்ணீரில் குதிக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு நடந்தது கர்நாடகக் கடலோரத்து நேத்ராணித் தீவில். பெங்களூரில் இருப்பவர்களுக்கு வார இறுதியில் போய்வரக்கூடிய கடல்களில் அதுவும் ஒன்று. இரவுப் பேருந்தில் ஏறினால் காலையில் முருடேஸ்வர், அங்கிருந்து படகு. மழைக்காலத்தில் படகு ஓடாது. என்னோடு வந்தவர் அலுவலகத்தில் எனக்கு மூத்தவர், நாகர்கோவில்காரர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பேருந்தில் விளக்கை அணைத்த பிறகு அவர் கேட்டார்.

"தம்பி, உள்ளே போனபின் உனக்குக் கண் தெரியாமல் போனால் என்ன செய்வாய்?"

"கையைக் காட்டுவேன் அக்கா."

"காட்டு. நான் திருப்பிக் காட்டுவதை எப்படிப் பார்ப்பாய்?"

அந்த இருட்டிலேயே என் கையைப் பிடித்துப் பாடம் தொடங்கிவிட்டார். மேற்கையை ஒருமுறை அழுத்தினால் "நலமா?" என்று கேள்வி. நான் அவர் கையை ஒருமுறை அழுத்தினால் "நலம்". இரண்டு அழுத்தம் என்றால் "நில்". முழங்கையை அடியிலிருந்து தூக்கினால் "ஏறுகிறோம்". இடது தோளைத் தட்டினால் "அங்கியில் (மிதப்பதற்காகக் காற்று அடைத்து மாட்டிக்கொள்வது) இருக்கும் காற்றைக் கொஞ்சம் விடு". பிடித்து உலுக்கினால் ஆபத்து. இது நாங்கள் இருவர் செய்துகொண்ட ஏற்பாடு, அவ்வளவுதான். தொடு சைகைகள் குழுவுக்குக் குழு மாறும். ஆகவே வேறொருவரோடு இறங்கும்போது மறுபடியும் முதலிலிருந்து பேசிக்கொள்ள வேண்டும்.

மறுநாள் 14 மீட்டர் ஆழத்தில், பாறை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் போனவர் எதையோ பார்க்கச் சட்டென்று திரும்பினார். அவர் காலில் இருந்த துடுப்பு என் மாஸ்க்கின் விளிம்பில் பட்டுப் பட்டையோடு கழற்றிவிட்டது. கை முகத்துக்குப் போவதற்குள் மாஸ்க் போய்விட்டது.

கண் தெரியவில்லை என்பது இரண்டாவதாகத்தான் உறைத்தது. முதலில் மூக்கு. மாஸ்க்குக்குள் இருந்தவரை மூக்கு இருப்பதே நினைவில் இல்லை. திடீரென்று அதில் தண்ணீர் ஏறியதும் தொண்டை தானாக மூடிக்கொண்டது. வாயில் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) இருக்கிறது, காற்று வருகிறது, ஆனாலும் இழுக்க முடியவில்லை. பயிற்சியின்போது நீச்சல் குளத்தில் மாஸ்க் இல்லாமல் ஒரு நிமிடம் மூச்சுவிடச் சொல்வார்கள். அங்கே கற்றதுதான் கைகொடுத்தது: மூக்கை விரலால் பிடி, ரெகுலேட்டருக்குள்ளேயே இருமு, வாயால் மெதுவாக இழு. ரெகுலேட்டருக்குள் தாராளமாக இருமலாம். அதை மட்டும் வாயிலிருந்து எடுக்கக் கூடாது.

அக்கா வந்துவிட்டார் என்பது முகத்தின் மேல் பட்ட உள்ளங்கையால்தான் தெரிந்தது. அந்தக் கை என் ரெகுலேட்டரை வாயோடு சேர்த்து அழுத்திப் பிடித்தது. பதறுகிறவர்கள் அதைத் துப்பிவிடுவது உண்டு; அதனால் முதல் காரியமாக அதைக் காப்பாற்றினார். பிறகு மறு கை என் மேற்கையைப் பிடித்தது. ஓர் அழுத்தம். நான் உடனே பதில் தரவில்லை, இருமிக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி அழுத்தவில்லை; காத்திருந்தார். இருமல் அடங்கியதும் நான் அவர் கையை அழுத்தினேன். அந்தக் காத்திருப்பின் அருமையை நான் எல்லோரிடமும் சொல்கிறேன். பதில் வராதவரை அடுத்த கேள்வி கேட்கக் கூடாது. அடுக்கடுக்காக அழுத்தினால் எது எதற்குப் பதில் என்று இருவருக்கும் குழம்பிவிடும்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். உப்பு எரிச்சல் பயந்த அளவுக்கு இல்லை. பச்சையும் நீலமும் கலந்த ஒரு மூட்டம், நடுவில் கறுப்பாக அக்கா. கண்ணின் குவிக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கருவிழியின் முன்பரப்பில், காற்றும் விழியும் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கிறது. தண்ணீரும் கருவிழியும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால், நடுவில் காற்று இல்லாவிட்டால் அந்தச் சக்தி போய்விடுகிறது. தாய்லாந்துக் கடலோரம் வாழும் மோக்கன் சமூகத்துச் சிறுவர்கள் கண்மணியைச் சுருக்கி நீருக்குள் நம்மைவிடத் தெளிவாகப் பார்க்கிறார்கள் என்று சுவீடனைச் சேர்ந்த அன்னா கிஸ்லேன் 2003-இல் எழுதினார். கணினித் திரை முன் உட்கார்ந்து பழகிய என் கண்ணுக்கு அது கைகூடாது. ஆனாலும் ஒரு சாண் தூரத்தில் பெரிய வடிவங்கள் தெரியும். அக்கா கட்டைவிரலை என் கண் முன் நிறுத்தினார், அதே நேரத்தில் முழங்கையையும் தூக்கினார். தெரிகிற கொஞ்சத்தையும் விடாமல், தொடுவதோடு சேர்த்துச் சொன்னார்.

ஏறும்போது பார்வை உள்ளவர்தான் தலைமை. இதில் பேச்சுக்கே இடமில்லை. ஆழமானி எனக்குத் தெரியாது, வேகம் தெரியாது. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததைக் கடைப்பிடிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் என் தோள் பட்டையைப் பிடித்து, முகத்துக்கு முகம் வைத்து ஏற்றினார். மேலே போகப் போக அங்கியில் உள்ள காற்று விரிந்து நம்மைத் தூக்கும். 10 மீட்டரில் இருக்கும் அழுத்தம் மேற்பரப்பில் பாதியாகிவிடும், அதனால் கடைசிப் பத்து மீட்டர்தான் கவனம் தேவைப்படும் தூரம். இடது தோளில் தட்டு விழும்போதெல்லாம் குழாயை உயர்த்திக் காற்றை விட்டேன். மூக்கில் தண்ணீர் ஏறிவிடுமோ என்ற பயத்தில் மூச்சை அடக்கத் தோன்றும். அதை அறவே செய்யக் கூடாது. ஏறும்போது அடக்கிய மூச்சு நுரையீரலைக் கிழிக்கும். நான் தொண்டைக்குள் முனகிக்கொண்டே வந்தேன். முனகல் கேட்டால் காற்று வெளியேறுகிறது என்று அவருக்கும் தெரியும்.

ஐந்து மீட்டரில் இரண்டு அழுத்தம். என் கையை எடுத்துப் படகு கட்டியிருந்த கயிற்றில் வைத்தார். பாதுகாப்புக்காக அங்கே மூன்று நிமிடம் நிற்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நிற்பவனுக்கு மூன்று நிமிடம் முடிவே இல்லாததுபோல இருக்கும். ஒவ்வொரு நிமிடம் முடிந்ததும் அக்கா ஒருமுறை அழுத்தினார். பேருந்தில் இதைப் பேசிக்கொள்ளவில்லை, ஆனாலும் புரிந்தது.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நின்றுபோனது, ஆனால் அந்தக் காலத்துப் பேச்சு நிற்கவில்லை. குளிப்பவனின் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்களாம். தங்கை தாலியை நினைத்தாவது சரியாகப் பிடிப்பான் என்று. கயிறு சுண்டினால் இழுக்க வேண்டும், வேறு பேச்சு இல்லை. குளிப்பவனுக்கும் மேலே இருப்பவனுக்கும் நடுவில் தொடு உணர்வு ஒன்றே சேதி சொன்ன தொழில் அது. நாம் ஆழமும் நேரமும் காட்டும் கம்ப்யூட்டரைக் கையில் கட்டிக்கொண்டு இறங்குகிறோம், இந்த அடிப்படையை விட்டுவிட்டோம்.

மும்பையில் செம்பூரில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு நேர்ந்தது இன்னும் கடினம். மகாராஷ்டிரக் கடலோரத்தில் மால்வண் பக்கம், தார்க்கர்லியில், கலங்கிய நீரில் அவன் மாஸ்க் பட்டை அறுந்தது. துணைக்கு வந்தவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. அவன் அசையாமல் நின்று, இடுப்பில் இருந்த உலோகக் கொக்கியால் சிலிண்டரைத் தட்டினான். நீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும். அதனால் சத்தம் கேட்கும், எந்தத் திசை என்று காதுக்குப் பிடிபடாது. துணைவர் சுற்றிச் சுற்றித் தேடி வந்து சேர்ந்தார். இவன் நகர்ந்திருந்தால் கண்டுபிடித்திருக்க முடியாது என்று அவரே சொன்னாராம். அவரிடம் மடித்துவைத்த இன்னொரு மாஸ்க் இருந்தது. அதை அவர் கொடுத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. வெறுமனே கையில் திணிக்காமல், அவன் கட்டைவிரலை எடுத்து மாஸ்க்கின் மூக்குப் பகுதியில் வைத்திருக்கிறார். எது கீழ், எது உள்பக்கம் என்பது ஒரு தொடுதலில் புரிந்துவிட்டது. போட்டு, மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றினான்.

நேத்ராணிக்குப் பிறகு அக்காவும் நானும் ஆளுக்கொரு மாஸ்க் கூடுதலாகப் பையில் வைத்திருக்கிறோம். குளத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மாறி மாறி ஒருவரை ஒருவர் அழைத்துப் போகப் பழகுகிறோம். அழைத்துப் போவதும் பழக வேண்டிய வேலைதான். இழுத்தால் எதிராளி திமிறுவார். பிடியைச் சீராக வைத்தால் தானாக வருவார்.

காண்டாக்ட் லென்ஸ் போட்டு இறங்குகிறவர்கள் இன்னொன்றையும் துணையிடம் சொல்லிவைக்க வேண்டும். மாஸ்க் போனால் லென்ஸ் மிதந்துபோகாமல் இருக்க அவர்கள் கண்ணை மூடியே வைத்திருப்பார்கள். அது தெரியாதவர், மயங்கிவிட்டார் என்று நினைத்து அவசரமாக மேலே இழுத்துவிடலாம். கண் மூடியிருந்தாலும் கையழுத்தத்துக்குப் பதில் தருகிறாரா என்று பார்த்தால் போதும்.