தங்கசாலைத் தெருவில் தங்கம் எங்கே?

கேள்வி: நேற்று சென்னை சௌகார்பேட்டையில் முறுக்கு சாண்ட்விச் தின்றபடி தங்கசாலைத் தெருவில் நடந்தேன். இந்தப் பெயர் எப்படி வந்தது?

பதில்: சாலை என்றால் இங்கே ரோடு இல்லை, பட்டறை. 1840களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலை அங்கே வந்தது. அப்புறம் அதே இடம் அரசு அச்சகமானது.

பதில்: ஆண்டர்சன் தெருவில் தாத்தாவுக்குக் காகிதக் கடை. சிறுவயதில் என்னைப் பாரிமுனைக்குக் கூட்டிப்போய் டேர் ஹவுஸ் மூலையில் ஒரு கல்தூணைக் காட்டுவார். அதற்கு ஒரு கதை உண்டு. இந்தியர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரம் இன்றைய உயர் நீதிமன்றப் பக்கம், செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டியே இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1746-இல் கோட்டையைப் பிடித்தபின் அந்த நகரத்தில் ஒரு பகுதியை இடித்தார்கள்; கோட்டை திரும்பக் கிடைத்தபின் ஆங்கிலேயர்கள் மிச்சத்தையும் இடித்துத் திறந்தவெளி ஆக்கினார்கள். இனி யாரும் அங்கே வீடு கட்டாதிருக்க 1773-இல் நட்ட 13 எல்லைக்கற்களில் மிச்சம் அந்தக் கல்தூண் ஒன்றுதான். பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை!

கேட்டவர்: சரி, இந்தப் பகுதிக்கு ஜார்ஜ் டவுன் என்ற பெயர் எப்படி வந்தது?

பதில்: 1911-இல், ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டின்போது வைத்த பெயர். தாத்தா கடைசிவரை ‘டவுன்’ என்றுதான் சொன்னார்.