சென்னிமலைல சின்ன பெட்ஷீட் கடை, கார்டு மெஷின் வாங்கினா கட்டுமாங்க?

தறிக்காரன்:
வணக்கமுங்க. சென்னிமலைல பெட்ஷீட்டு, துண்டு, மேட்டு வெச்சு சின்னதா கடை ஓட்டிட்டு இருக்கறேன். உள்ளூர்க்காரங்க பூராம் ஸ்கேன் பண்ணி போட்டுட்டு போயிர்றாங்க. தைப்பூசத்தப்பவும் லீவு நாள்லயும் கோயிலுக்கு வர்ற வெளியூர் ஆளுங்கதான் நாலஞ்சு பெட்ஷீட் எடுத்து வெச்சுட்டு கார்டு எடுப்பீங்களான்னு கேக்கறாங்க, இல்லைன்னா பாதிய வெச்சுட்டு கெளம்பீர்றாங்க. பேங்க்ல கேட்டதுக்கு மெஷினுக்கு மாசம் 350 ரூபா வாடகை, கிரெடிட் கார்டுக்கு 1.8 சதவீதம், அதுக்கு மேல ஜிஎஸ்டின்னு சொல்றாங்க. வருஷ யாவாரம் 20 லட்சத்த தொடாதுங்க. பக்கத்து கடைக்காரரு கஸ்டமர்கிட்டயே 2 பர்சென்ட் சேத்தி வாங்கிக்கன்னு சொல்றாரு, அது சரிங்களா?

திருப்பூர் கணக்குப்புள்ள:
ஏனுங்க, எல்லா கார்டையும் ஒட்டுக்கா ஒரே கணக்குல பாக்காதீங்க. 20 லட்சத்துக்குள்ள யாவாரம் பண்றவங்களுக்கு மெஷின்ல டெபிட் கார்டு போட்டா 0.4 சதவீதத்துக்கு மேல புடிக்கக்கூடாது, எவ்வளவு பெரிய பில்லா இருந்தாலும் 200 ரூபாதான் உச்சம்னு ரிசர்வ் பேங்க் 2018 ஜனவரில இருந்தே வெச்சிருக்குது. ரூபே டெபிட்டுக்கு 2020ல இருந்து புடித்தமே கெடையாது. கிரெடிட் கார்டுக்குத்தான் அந்த மாதிரி வரம்பு இல்ல, பேரம் பேசோணும்னா அங்க பேசுங்க. 3,000 ரூபா பில்லுன்னா விசா டெபிட்ல 12 ரூபா போகும், உங்க ரேட்டுக்கு கிரெடிட்ல 54 ரூபா. 18 சதவீத ஜிஎஸ்டி இந்த புடித்தத்துக்கு மட்டும்தானுங்க, பில் தொகைக்கு இல்ல, நெம்ப பேரு இதுலதான் பயந்துக்கறாங்க. 54க்கு 9 ரூபா 72 காசு, அவ்வளவுதான். ஜிஎஸ்டில ரெகுலர்ல இருந்தா அதையும் இன்புட் எடுத்துக்கலாம், அதாவது நீங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்கலாம்; காம்போசிஷன்னா, அதான் மொத்த யாவாரத்துல சின்ன சதவீதம் மட்டும் கட்டற திட்டம்னா, எடுக்க முடியாது.

சேத்தி வாங்கற சோலி வேண்டாமுங்க. டெபிட் கார்டு புடித்தத்த வாங்க வர்றவங்க தலைல கட்டக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க்கே சொல்லிருக்குது. வெளியூர்க்காரரு ஒருத்தரு பில்ல போட்டோ புடிச்சு கம்ப்ளெயின்ட் போட்டா போதும், யாவாரத்த உட்டுட்டு அதுக்கு பதில் சொல்லிட்டு இருக்கோணும்.

பவானி ஜமக்காளம்:
அண்ணன் சொல்ற கணக்கு சரிதான், ஆனா என்னைய கேட்டா சதவீதம் பிரச்சனையே இல்லைங்க, வாடகைதான் தின்னும். மாசம் 350ன்னா வருஷத்துக்கு 4,200, கார்டு ஒன்னுகூட தேய்க்காத மாசத்துலயும் அக்கவுன்ட்ல இருந்து எடுத்துருவான். உங்களுக்கு கார்டு கேக்கறவங்க வர்றதே சீசன்லதான். அதனால ரெண்டு மூணு எடத்துல வாடகை இல்லாத மெஷின் இருக்குதான்னு கேட்டு பாருங்க, அப்படி குடுத்தாங்கன்னா மாசம் இத்தன ரூபாய்க்கு தேய்ச்சே ஆகோணும்னு கண்டிஷன் வெச்சிருக்காங்களான்னும், நடுவுல திருப்பி குடுத்தா காசு கேப்பாங்களான்னும் எழுத்துல வாங்கிக்குங்க. வாயில சொல்றத நம்பாதீங்க, மெஷின் விக்க வர்ற பையன் அடுத்த மாசம் வேற கம்பெனில இருப்பான்.

உங்க போன்ல என்எஃப்சி, அதாவது கார்ட கிட்ட வெச்சா படிக்கற வசதி, இருந்தா போன்லயே கார்ட தட்டி வாங்கற ஆப்பும் வந்திருச்சு. 5,000 வரைக்கும் பின் கூட வேண்டாம். ஆனா தட்டற வசதி இல்லாத பழைய கார்டு அதுல ஆகாது.

கோபி பேக்கரி அக்கா:
கடை பேரு போர்டுல ஒன்னு, உத்யம் சர்டிபிகேட்ல (சிறு தொழில் பதிவுக்கு கவர்மென்ட் குடுக்கறது) ஒன்னுன்னு இருந்துச்சுன்னா பேப்பர் திரும்பி வந்துரும் தம்பி, மொதல்ல அத பாருங்க. கரன்ட் அக்கவுன்ட், பான், கேன்சல் பண்ண செக்கு எல்லாம் கேப்பாங்க. காசு பொதுவா அடுத்த வேலை நாள்லதான் ஏறும், ஞாயித்துக்கெழம வித்த காச நம்பி திங்கக்கெழம காத்தால நூல்காரருக்கு சொல்லிராதீங்க.

அப்புறமேலு கார்டு தேய்ச்சா மெஷின்ல வர்ற சிலிப்ப வீசிறாதீங்க. மாசம் கழிச்சு இந்த செலவ நான் பண்ணலைன்னு கார்டுக்காரரு பேங்க்ல எழுதி குடுத்தா நம்மகிட்டதான் ஆதாரம் கேப்பாங்க, குடுக்கலைன்னா பணத்த திருப்பி எடுத்துக்குவாங்க. அந்த பேப்பர்ல எழுத்து சீக்கிரம் மங்கிரும், நானு பெரிய பில்ல எல்லாம் அன்னன்னைக்கே போட்டோ எடுத்து வெச்சுக்குவேன்.

தறிக்காரன்:
நெம்ப நன்றிங்க எல்லாத்துக்கும். போர்டுல எங்கப்பாரு பேரு இருக்குது, உத்யம் என் பேருல, அத மாத்திட்டு வாடகை இல்லாததா பாக்கறேன். எங்க பக்கம் கூட்ட நாள்ல டவரே நிக்காதுங்களே, மெஷின் ஓடுமா?

பவானி ஜமக்காளம்:
சிம்மோட வைஃபையும் எடுக்கற மெஷினா கேளுங்க. பணம் புடிச்ச மெசேஜ் அவங்க போனுக்கு வந்து மெஷின்ல சிலிப் வரலைன்னா திரும்ப தேய்க்காதீங்க, மெஷின்ல கடைசி பில்லு என்ன ஆச்சுன்னு பாத்துட்டு அப்புறம் தேய்ங்க.