சாக்ரடீஸ் தோற்றது 30 வாக்கிலா, 60 வாக்கிலா? (வடகரை கவனத்துக்கு)

பழையபேனா:
‘ஜனநாயகத்தின் குறைகள்’ இழையில் வடகரை நேற்று ராத்திரி இப்படி எழுதி வைத்திருக்கிறார்: “சாக்ரடீஸ் வெறும் 30 வாக்கு வித்தியாசத்தில் செத்தார். முப்பது முட்டாள்கள் சேர்ந்து தத்துவத்தின் தந்தைக்கு விஷம் கொடுத்தார்கள். பெரும்பான்மை ஆட்சி என்றாலே இதுதான்.” இதற்கு வரிசையாக வந்து கைதட்டல் வேறு.

அங்கே பதில் போட்டால் இழை திசை மாறுகிறது என்று நெறியாளர் வருவார். அதனால் தனி இழை.

30 வாக்கு வித்தியாசம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கி.மு. 399 வழக்கு பற்றி அவருடைய சீடர் பிளேட்டோ எழுதிய தற்காப்பு உரையில், குற்றவாளி என்று தீர்ப்பு வந்ததும் சாக்ரடீஸ் சொல்வது இது: 30 வாக்குகள் பக்கம் மாறியிருந்தால் நான் விடுதலையாகியிருப்பேன். பக்கம் மாறினால், வடகரை. அங்கே 30 குறையும், இங்கே 30 கூடும். அப்படியானால் வித்தியாசம் 60. ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது.

வடகரை:
ஐயா வந்துவிட்டார். கான்ட் இழையில் பதில் சொல்லாமல் காணாமல் போனவர், கணக்கு வாத்தியாராகத் திரும்பியிருக்கிறார். நல்வரவு.

30 பேர் மனம் மாறியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். மாறவில்லை, செத்தார். ஆக அந்த 30 பேர்தான் தீர்மானித்தார்கள். நான் சொன்னதில் என்ன தப்பு? நீங்கள் 60 என்றாலும் 600 என்றாலும், எழுபது வயதுக் கிழவரை வாயைத் திறந்ததற்காகக் கொன்றது ஒரு ஜனநாயகம்தான். அதற்குப் பதில் இருக்கிறதா?

பழையபேனா:
கான்ட் இழையில் நான் காணாமல் போகவில்லை. எனக்குக் கண் அறுவை சிகிச்சை. அதை அங்கேயே எழுதியிருந்தேன். படிக்கும் பழக்கம் இருந்தால் தெரிந்திருக்கும்.

“வாக்கு வித்தியாசம்” என்று எழுதியது யார்? நீங்கள். இப்போது “தீர்மானித்த 30 பேர்” என்று பேச்சை மாற்றுவது யார்? அதுவும் நீங்கள். 60.

மல்லிகைப்பந்தல்:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். “வாயைத் திறந்ததற்காக” என்று வடகரை சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். சாக்ரடீஸ் ஏதென்ஸ் தெருவில் பல பத்தாண்டுகள் வாயை மூடாமல் பேசியவர். கி.மு. 423-லேயே நகைச்சுவை நாடகக்காரர் அரிஸ்டோஃபனிஸ் அவரை மேடையில் ஏற்றிக் கிண்டலடித்தார். ஊர் சிரித்தது, யாரும் விஷம் கொடுக்கவில்லை. திடீரென்று 399-ல் மட்டும் ஏன்?

நடுவில் நடந்ததைப் பாருங்கள். 404-ல் போரில் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் தோற்றது. மக்களாட்சி போய், ஸ்பார்ட்டாவின் துணையோடு ‘முப்பது கொடுங்கோலர்கள்’ என்ற முப்பது பேர் கும்பல் ஆட்சிக்கு வந்தது. அந்தக் குறுகிய காலத்தில் 1500 பேருக்குக் குறையாமல் கொன்றார்கள் என்கிறது அரிஸ்டாட்டில் பெயரில் உள்ள ஏதென்ஸ் அரசமைப்பு நூல். அந்தக் கும்பலின் தலைவன் கிரிட்டியாஸ் யாரோடு சுற்றியவன்? சாக்ரடீஸோடு. எதிரியிடம் போய்ச் சேர்ந்த ஆல்சிபியாடிஸ்? அவனும்தான். வழக்குப் போட்டவர்களில் செல்வாக்குள்ளவர் அனிட்டஸ், கொடுங்கோலர்களை எதிர்த்துப் போராடி மக்களாட்சியை மீட்டவர்களில் ஒருவர். வாக்களித்தவர்களை “முட்டாள்கள்” என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. அதில் அண்ணனை, அப்பாவைப் பறிகொடுத்தவர்கள் எத்தனை பேரோ.

வடகரை:
அக்கா, 403-ல் பொதுமன்னிப்பு கொடுத்து, பழையதைக் கிளறமாட்டோம் என்று சத்தியம் செய்ததும் இதே ஏதென்ஸ்தானே? சத்தியம் செய்துவிட்டு நாலு வருடத்தில் பழி வாங்கினால் அது நீதியா? இது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. நன்றி.

குற்றப்பத்திரிகையில் கிரிட்டியாஸ் பெயர் எங்கே? நகரத்தின் கடவுள்களை ஏற்கவில்லை, புதுத் தெய்வங்களைக் கொண்டுவந்தார், இளைஞர்களைக் கெடுத்தார். இவ்வளவுதான் இருக்கிறது.

மல்லிகைப்பந்தல்:
பொதுமன்னிப்பு இருந்ததால்தான் அவன் பெயரை எழுதவில்லை! “இளைஞர்களைக் கெடுத்தார்” என்றதும் எந்த இளைஞர்கள் என்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாதா? கி.மு. 345-ல் ஏதென்ஸ் மேடைப் பேச்சாளர் ஏஸ்கினிஸ் இன்னொரு வழக்கில் பேசும்போது, கிரிட்டியாஸுக்குப் பாடம் சொன்னவர் என்பதற்காகத்தானே சாக்ரடீஸைக் கொன்றீர்கள் என்று ஏதென்ஸ்காரர்கள் முகத்துக்கு நேரே கேட்கிறார். அரை நூற்றாண்டு கழித்தும் ஊர் அப்படித்தான் நினைவில் வைத்திருந்தது.

பழையபேனா:
மல்லிகைப்பந்தல் சொல்வது சுவாரசியம்தான். ஆனால் இந்த இழை எண்ணிக்கை பற்றியது. தலைப்பைப் பார்க்கவும்.

நடுவர்கள் எத்தனை பேர்? 500 என்போரும் உண்டு, 501 என்போரும் உண்டு. 500 என்று வைத்தால் 280க்கு 220. இதில் 30 பேர் மாறினால் 250க்கு 250. சமமாக வந்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்கே சாதகம் என்பது ஏதென்ஸ் விதி. கச்சிதமாகப் பொருந்துகிறது, வித்தியாசம் 60. ஒருவர் கூடி 501 என்றால் 280க்கு 221, வித்தியாசம் 59. எப்படிப் புரட்டினாலும் 30 வராது.

அப்புறம், சாக்ரடீஸே இவ்வளவு நெருக்கமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை என்கிறார். பெருவாரியாகத் தோற்போம் என்று நினைத்தாராம். ஏதென்ஸில் ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூட வாங்காத வழக்காளி 1000 டிராக்மா (ஏதென்ஸ் நாணயம்) அபராதம் கட்ட வேண்டும். நம் ஊரில் டெபாசிட் போவது மாதிரி. மூன்று பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்களே, வாக்கை மூன்றாகப் பிரித்தால் அவர்களில் ஒருவரான மெலிட்டஸின் பங்கு அந்த ஐந்தில் ஒன்றைத் தொடாது என்று தீர்ப்பு வந்த கையோடு கிண்டல் வேறு. சாவு எதிரே நிற்கும்போதும் மனிதர் கணக்குப் போட்டார். இங்கே சிலர் நாற்காலியில் சாய்ந்துகொண்டும் போட மறுக்கிறார்கள்.

தூங்காநகரம்:
பாப்கார்ன் வாங்கி வந்துவிட்டேன். தொடருங்கள்.

ஒரு சந்தேகம். 281 என்று ஓர் எண் படித்திருக்கிறேனே, அது எங்கிருந்து வந்தது?

பழையபேனா:
அது தத்துவவாதிகளின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய டயோஜெனிஸ் லேர்ட்டியஸ். சாக்ரடீஸ் செத்து அறுநூறு வருடம் கழித்து வந்தவர். அவர் எண்ணை எடுத்துக்கொண்டால் 281க்கு 220, வித்தியாசம் 61. அப்போது 30 பேர் மாறினால் போதாது, 31 பேர் வேண்டும். பிளேட்டோ முழு எண்ணாகச் சொன்னார் என்று சமாதானம் சொல்வார்கள். எதுவானாலும் 60ஐச் சுற்றித்தான் வரும்.

வடகரை:
பாருங்கள், 59, 60, 61 என்று அவருக்கே மூன்று எண். என்னிடம் ஒரே எண்தான், 30.

சில கையெழுத்துப் பிரதிகளில் அந்த இடத்தில் “மூன்று” என்றே இருக்கிறது, தெரியுமா ஐயா? மூன்று பேர்! அப்போது உங்கள் 60 எங்கே போகும்?

பழையபேனா:
6 ஆகும். இரண்டால் பெருக்க வேண்டும் என்பதைத்தானே முதல் பதிவிலிருந்து கத்துகிறேன்!

“மூன்று” என்ற அந்தப் பிரதி வாசகத்தை இன்றைய பதிப்பாசிரியர்கள் ஏற்பதில்லை. ஏற்றாலும் நீங்கள் எழுதிய 30 காற்றில் போகிறது. நீங்களே உங்கள் கிளையை வெட்டுகிறீர்கள்.

புதுவரவு_சேலம்:
அனைவருக்கும் வணக்கம். எனக்குத் தெரிந்தவரை அந்த 30 கொடுங்கோலர்கள்தான் சாக்ரடீஸுக்கு விஷம் கொடுத்தார்கள். அதைத்தான் வடகரை சார் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

மல்லிகைப்பந்தல்:
இல்லை தம்பி. அவர்கள் 403-லேயே ஒழிந்தார்கள். கொன்றது அதற்குப் பின் வந்த மக்களாட்சியின் நீதிமன்றம்.

பழையபேனா:
வடகரை, உங்கள் 30 என்ன வேலை செய்கிறது பார்த்தீர்களா? இதற்குத்தான் சொல்கிறேன். இந்தக் கதையில் ஏகப்பட்ட முப்பது உண்டு. கொடுங்கோலர்கள் முப்பது. மாறியிருக்க வேண்டிய வாக்கு முப்பது. பிளேட்டோவும் சாக்ரடீஸின் நண்பர் கிரிட்டோவும் இன்னும் இருவரும் ஜாமீன் நின்று கட்டுவதாகச் சொன்ன அபராதம் முப்பது மினா (ஒரு மினா என்றால் 100 டிராக்மா). டெலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்பும்வரை மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்பதால் அவர் சிறையில் காத்திருந்தது முப்பது நாள், இது இன்னொரு சீடர் ஸெனஃபோன் சொன்னது. நடுவராக உட்காரக் குறைந்தபட்ச வயதும் முப்பது. ஒன்றோடொன்று குழப்பினால் சேலத்துப் பையன்தான் பாவம்.

தூங்காநகரம்:
இவ்வளவு முப்பதா? யாராவது ஜோசியரைக் கூப்பிடுங்கள்.

எனக்கு சாக்ரடீஸ் என்றால் சிவாஜி கணேசன்தான். கோப்பையைக் கையில் ஏந்தி கலைஞர் வசனம் பேசுவாரே, அதற்கு மேல் ஏதென்ஸ் எனக்குத் தேவையில்லை.

வடகரை:
தமிழனின் தத்துவ அறிவு அந்த வசனத்தோடு நின்றதுதான் பிரச்சினையே. “உன்னையே நீ அறிவாய்” டெல்ஃபி கோயிலில் பொறித்திருந்த வாசகம். அதை சாக்ரடீஸ் கண்டுபிடித்த மாதிரி இன்னும் ஆட்டோவில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

தூங்காநகரம்:
30ஐ 60 ஆக்கத் தெரியாதவர் தமிழனின் அறிவைப் பற்றிப் பேசுகிறார். ஆட்டோக்காரருக்கு மீட்டர் கணக்காவது தெரியும்.

கரிசல்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். யாரும் தொடாத ஒன்று என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது. நீதிமன்றத்தில், தத்துவம் பேசுவதை விட்டால் விடுதலை என்று நீங்கள் சொன்னாலும் கேட்கமாட்டேன், உங்களைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிவேன் என்கிறார். அதே மனிதர், சிறையிலிருந்து தப்பிக்கக் கிரிட்டோ எல்லா ஏற்பாடும் செய்து வந்து நிற்கும்போது, நகரத்தின் சட்டம் என்னைப் பெற்று வளர்த்தது, அதை மீறமாட்டேன் என்று உட்கார்ந்துவிடுகிறார். இரண்டும் எப்படிப் பொருந்தும்? அநியாயமான உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டுமா, வேண்டாமா? தண்டனையை ஏற்பது வேறு, தப்பு செய்யச் சொன்னால் செய்வது வேறு என்று ஒரு விளக்கம் படித்தேன். அது போதுமா என்று தெரியவில்லை. உங்கள் கருத்து என்ன?

பழையபேனா:
நல்ல கேள்வி, கரிசல். தனி இழையாகப் போடுங்கள். இங்கே முதலில் எண்ணிக்கை முடியட்டும்.

இரண்டாவது வாக்கெடுப்பை வடகரை வசதியாக மறந்துவிட்டார். குற்றவாளியா என்பது முதல் வாக்கு. தண்டனை என்ன என்பது தனி வாக்கு. வழக்காளிகள் மரணம் கேட்டார்கள். பதிலுக்கு ஒரு தண்டனையை சாக்ரடீஸ் சொல்ல வேண்டும். நாடு கடத்துங்கள் என்றிருந்தால் அநேகமாக ஒத்துக்கொண்டிருப்பார்கள். இவர் என்ன கேட்டார்? ஒலிம்பிக்கில் ஜெயித்தவர்களுக்குக் கொடுப்பதுபோல அரசு மண்டபத்தில் இலவசச் சாப்பாடு! அப்புறம்தான் ஒரு மினா, நண்பர்கள் சொல்லி முப்பது மினா. டயோஜெனிஸ் கணக்குப்படி இதில் கடுப்பாகி இன்னும் 80 பேர் மரணத்துக்கு வாக்களித்தார்கள். ஆக, அவர் செத்தது 30-லும் இல்லை, 60-லும் இல்லை. மரண தண்டனைக்கு 360க்கு மேல், எதிர்த்து 140. “30 வாக்கு வித்தியாசத்தில் செத்தார்” என்பது இரண்டு முறை தப்பு.

வடகரை:
நிரபராதி என்று சொன்ன 80 பேர், ஒரு நக்கல் பிடிக்கவில்லை என்பதற்காக அதே நாளில் அதே ஆளைக் கொல்லச் சொன்னார்கள். இதை எனக்கு எதிராக வேறு எடுத்து வருகிறீர்கள்! கூட்டத்தின் புத்தி என்று நான் சொன்னது இதைத்தானே ஐயா?

அந்த 80 டயோஜெனிஸ் சொன்னது. 281 வரும்போது “அறுநூறு வருடம் கழித்து வந்தவர்” என்று உதட்டைப் பிதுக்கினீர்கள். 80 வரும்போது மட்டும் அவர் நேரில் பார்த்த சாட்சியா?

மல்லிகைப்பந்தல்:
இது நியாயமான கேள்வி, பழையபேனா ஐயா. தண்டனையே சொல்லமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டதாக ஸெனஃபோன் எழுதுகிறாரே. இலவசச் சாப்பாட்டுக் கதை அங்கே இல்லை.

பழையபேனா:
ஸெனஃபோன் அன்றைக்கு ஏதென்ஸிலேயே இல்லை அம்மா. ஆசியாவில் கூலிப்படையோடு இருந்தார். சாக்ரடீஸின் நண்பர் ஹெர்மோஜெனிஸ் சொல்லக் கேட்டு எழுதியது அது. பிளேட்டோ நீதிமன்றத்தில் இருந்தார்.

மல்லிகைப்பந்தல்:
இருந்தார், சரி. கிரிட்டியாஸ் அவருக்கு அம்மா வழிச் சொந்தம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குரு மேல் பக்தி, குடும்பத்தின் மேல் ஊர்க் கோபம். அவர் தருகிற 30ஐ மட்டும் கல்வெட்டாக எடுத்துக்கொள்வீர்களா?

கொடுங்கோலர்கள் சலாமிஸ்காரர் லியோனைக் கொல்வதற்காகப் பிடித்து வரச் சொல்லி ஐந்து பேரை அனுப்பினார்கள். நாலு பேர் போனார்கள், சாக்ரடீஸ் மட்டும் வீட்டுக்குப் போனார். இதைப் பெருமையாகச் சொல்கிறார். லியோனிடம் போய் “ஓடிப்போ” என்று சொன்னாரா? அதைப் பற்றி பிளேட்டோ வாயே திறக்கவில்லை.

வடகரை:
மறுத்ததே உயிரைப் பணயம் வைத்த வேலை, அக்கா. இங்கே அலுவலகத்தில் மேலாளரை எதிர்த்து ஒரு மின்னஞ்சல் போட நமக்குத் துணிச்சல் இல்லை. அவர் ஏன் ஓடிப்போய்ச் சொல்லவில்லை என்று கேட்கிறோம்.

மல்லிகைப்பந்தல்:
என் துணிச்சலைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? “நமக்கு” என்று என்னையும் சேர்க்க வேண்டாம்.

நெறியாளர்:
தனிப்பட்ட சீண்டல்கள் வேண்டாம். சினிமா, ஆட்டோ பற்றிய பதிவுகள் நீக்கப்படும். தலைப்புக்கு வாருங்கள்.

பழையபேனா:
அதைத்தான் நானும் சொல்கிறேன். தலைப்பு எண்ணிக்கை. வடகரை இன்னும் அந்த வரியைத் திருத்தவில்லை. இப்போதுதான் போய்ப் பார்த்தேன், ‘ஜனநாயகத்தின் குறைகள்’ இழையில் “30 வாக்கு வித்தியாசம்” அப்படியே நிற்கிறது, கைதட்டலும் கூடியிருக்கிறது.

வடகரை:
திருத்தமாட்டேன். ஏதென்ஸ் நீதிமன்றமே உத்தரவு போட்டாலும்.

கரிசல்:
என் கேள்விக்கு யாராவது?

பழையபேனா:
கரிசல், தனி இழை என்று சொன்னேனே.

வடகரை, நேரடியாகக் கேட்கிறேன், ஆம் இல்லை என்று சொல்லுங்கள். 280இலிருந்து 220ஐக் கழித்தால் எவ்வளவு? சாயங்காலம் வந்து பார்ப்பேன். டயோஜெனிஸ் விஷயத்தில் நான் முரண்படவில்லை என்பதையும் அப்போது விளக்கமாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

தூங்காநகரம்:
280இலிருந்து 220ஐக் கழித்தால் ஆமா இல்லையா என்று எப்படி ஐயா சொல்வது?