பழைய செட்டில் பாட்டு தெளிவாகக் கேட்க என்ன செய்யலாம்?

ஹட்டன்_தம்பி:
அண்ணாமாரே, ஒரு உதவி. எங்களுடையது தோட்டத்துப் பழைய லயம் (வரிசை வீடு), தகரக் கூரை, சீமெந்துத் தரை. அப்பா வாங்கிய ஆம்பும் இரண்டு பெட்டி ஸ்பீக்கரும் இருக்கின்றன, காம்பராவில் இடம் குறைவு என்று இரண்டையும் அலுமாரிக்கு மேலே மூலையோடு ஒட்டி வைத்திருக்கிறோம். பேஸ் கும்மென்று அதிர்கிறது, பாடுகிறவர் குரல் எங்கேயோ பின்னால் கேட்கிறது. டவுனில் கேட்டால் புது செட் எடுக்கச் சொல்கிறார்கள். காசு செலவில்லாமல் ஏதாவது வழி உண்டா?

பண்டாரவளை_ரேடியோ:
புது செட் வேண்டாம் தம்பி, முதலில் அலுமாரியிலிருந்து இறக்குங்கள். ஒரு சுவர் பக்கத்தில் இருந்தாலே பேஸ் 6 டெசிபல் வரை கூடும், மூலையில் இரண்டு சுவர், அதோடு கூரையும் என்றால் கும்மென்று அதிராமல் என்ன செய்யும்? சீமெந்துக் கல் அடுக்கி, மேலே பழைய சைக்கிள் டியூப் துண்டு போட்டு, ட்வீட்டர் (கீச்சென்ற உயர்ந்த ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) நீங்கள் உட்காரும்போது காது உயரத்துக்கு வருகிற மாதிரி வையுங்கள். சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அதே தூரத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் கைதட்டிப் பாருங்கள், 'டங்' என்று எதிரொலித்தால் தரையில் பாயும் எதிர்ச்சுவரில் கனமான கம்பளியும் போடுங்கள்.

தலவாக்கலை_வயர்மேன்:
பேஸ் அதிர்வதற்கு மூலைதான் காரணம், சரி. ஆனால் குரல் நடுவில் நிற்கவில்லை என்றால் ஒரு பெட்டியில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் மாறியிருக்கவும் கூடும். ஆம்பை அணைத்துவிட்டு வயரை ஆம்ப் பக்கம் மட்டும் கழற்றி, சாதாரண 1.5 வோல்ட் பற்றரியின் பிளஸ்ஸை சிவப்பிலும் மைனஸை கறுப்பிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். பெரிய கோன் (ஸ்பீக்கரின் முன்பக்கம் அதிரும் கூம்பு) வெளியே தள்ளும், இரண்டு பெட்டியிலும் ஒரே பக்கம்தான் தள்ள வேண்டும். வயர் நுனி பச்சை பூத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவி முறுக்குங்கள். நம்ம ஊர் ஈரத்துக்கு செம்பு சீக்கிரம் பூத்துவிடும்.

நுவரெலியா_அக்கா:
ஈரம் வயரோடு நிற்காது தம்பி. கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், உதிர்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம், பெட்டியை வீச வேண்டாம். மழைக்காலத்தில் செட்டை நாட்கணக்கில் சும்மா விடாமல் தினமும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள், அந்தச் சூட்டிலேயே உள்ளே காயும். ஓடும்போது மேலே துணி மூடாதீர்கள். போனில் இருந்து பாட்டு போடுகிறீர்கள் என்றால் 128 கேபிபிஎஸ் (ஒரு நொடிப் பாட்டுக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) கோப்புகளை விட்டுவிட்டு 320 எடுத்துப் பாருங்கள், தாளச் சத்தத்தில் வித்தியாசம் தெரியும்.

ஹட்டன்_தம்பி:
இறக்கி வைத்தாச்சு அண்ணே! இடது பெட்டியில் வயர் மாறித்தான் இருந்தது, மாற்றியதும் குரல் நேராக நடுவில் வந்து நின்றுவிட்டது, அம்மாவே அடுப்படியிலிருந்து வந்து கேட்டார். வொலியூம் திருப்பும்போது மட்டும் கரகர என்கிறது.

தலவாக்கலை_வயர்மேன்:
அது உள்ளே தூசி. பிளக்கைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு, கொன்டாக்ட் கிளீனரை (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) வொலியூம் கொன்ட்ரோலுக்குள் ஒரு சொட்டு அடித்து இருபது தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு கரண்ட் கொடுங்கள்.