மேனுவலில் எடுத்து மாட்டிக்கொண்ட கதைகள்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் கேமராவில் நாமே கையால் வைக்கிற அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம்), ஷட்டர் ஸ்பீடு (ஒளி உள்ளே விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) மூன்றையும் சொல்லித்தர வேண்டும். பலகையில் முக்கோணம் வரைந்தால் தலையாட்டிவிட்டு, வெளியே போய், எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்கிற ஆட்டோ மோடில் எடுப்பார்கள். அதனால் ஆளுக்கொரு சொதப்பல் கதை கொடுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கிய வாரம், பெரியப்பா மகளுக்கு வளைகாப்பு. பின்னணி கரைந்துபோகிற அழகில் மயங்கி எல்லாவற்றையும் துவாரத்தை முழுக்கத் திறந்து 1.8-லேயே எடுத்துத் தள்ளினேன், இரண்டு வரிசைக் குடும்பப் படம் உட்பட. கேமராத் திரையில் பளிச்சென்றுதான் தெரிந்தது. கணினியில் பெரிதாக்கினால், முன்னால் உட்கார்ந்த ஆச்சியின் மூக்குத்திக் கல் வரை துல்லியம். பின்னால் நின்ற பெரியப்பாவுக்கு முகமே இல்லை. இரண்டரை மீட்டர் தூரத்தில், என் கேமராவில், அந்த லென்ஸுக்கு ஃபோகஸ் ஆழம், அதாவது முன்பின்னாகத் துல்லியமாக விழுகிற தூரம், ஒரு சாண்கூட வராது. எஃப் 8 வைத்திருந்தால் தப்பித்திருப்பேன். எண் ஏறினால் துவாரம் சுருங்கும், ஆழம் கூடும். பெரியப்பா இன்னும் கேட்கிறார், “என் படம் எங்கடா?”

*

எனக்கு ஷட்டர்தான் எமன். செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் தெருக்கூத்து. ஐஎஸ்ஓ 200-ஐத் தாண்டினால் படத்தில் புள்ளி விழும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். துரியோதனன் சுழன்று ஆடுகிறார், என் கேமராவில் எஃப் 3.5, ஷட்டர் 1/8 நொடி. கிரீடமும் முகமும் ஒரே தீற்றல். பக்கத்தில் இருந்த உள்ளூர் ஸ்டுடியோ அண்ணன் எட்டிப் பார்த்து, “ஏன் தம்பி 200-லயே உக்காந்திருக்க? 3200-க்குத் தூக்கு” என்றார். 400, 800, 1600, 3200 என்று நான்கு படி. ஷட்டரும் நான்கு படி ஏறி 1/125-க்கு வந்தது. புள்ளி விழுந்தது, ஆனால் முகம் கிடைத்தது.

அதோடு விட்டேனா? ஐஎஸ்ஓவை இன்னும் ஏற்றி 1/1000 வைத்தேன். எல்இடி விளக்கில் படம் முழுக்கக் குறுக்குப் பட்டைகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவு விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஒரு முழுத் துடிப்பு அடங்குகிற மாதிரி 1/100 வைத்ததும் பட்டை போய்விட்டது.

பல மாதம் கழித்து, ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் 1932-இல் பாரிஸ் சேன்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த படத்தைப் பார்த்தேன். தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிற அந்த ஆள் கலங்கலாகத்தான் இருக்கிறார். குதிகால் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை, அவ்வளவுதான் படம். நான் அன்றைக்கு அழித்துத் தள்ளிய தீற்றல்களில் என்னென்ன போனதோ!

*

அந்த பிரெஸ்ஸோன் நீங்கள் கூத்து எடுத்த திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் வந்தவர்தான். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார்.

*

நான் நிலாவிடம் தோற்றவன். மொட்டை மாடியில் எத்தனை முறை எடுத்தாலும் சுட்ட அப்பளம் மாதிரி ஒரு வெள்ளை வட்டம். கேமரா நிலாவைச் சுற்றியிருக்கிற கருப்பு வானத்தைப் பார்த்து, ஐயோ இருட்டு என்று வெளிச்சத்தை வாரிக் கொட்டிவிடுகிறது. நிலாவோ வெயிலில் கிடக்கிற கல். பகல் கணக்குதான் அதற்கு! எஃப் 11, ஐஎஸ்ஓ 100, 1/125 என்று நானே வைத்தேன், பள்ளங்களெல்லாம் தெரிந்தன.

இதில் குரு என்றால் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ். 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரைக் கடக்கும்போது, கல்லறைச் சிலுவைகள்மேல் கடைசி வெயில், பின்னால் நிலா. காரை ஓரங்கட்டிப் பெரிய கேமராவை நிறுத்திவிட்டார், வெளிச்சத்தை அளக்கிற ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் (ஒளியை அளக்கும் அலகு) என்பது மனதில் இருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டு எஃப் 32, ஒரு நொடி. இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது. நானானால் ஒளிமானியைத் தேடிக்கொண்டே இருந்திருப்பேன்.

*

எல்லோரும் எண்ணைச் சொல்கிறீர்கள். எனக்கு எண்ணெல்லாம் சரியாக இருந்தும் படம் வரவில்லை. தை மாதம், தஞ்சைப் பெரிய கோயில், தெற்குச் சுவர் அடியில் கல்வெட்டு. உச்சி வெயிலில் எடுத்தால் எழுத்து கல்லோடு கல்லாக மறைந்துவிட்டது. எந்த அமைப்பை மாற்றியும் பலனில்லை. சலித்துப்போய்ப் பிரகாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். நாலரை மணிக்கு மேற்கிலிருந்து வெயில் சுவரை உரசிக்கொண்டு வந்தது பாருங்கள், ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் நிழல் விழுந்து எழுத்துகள் எழும்பி நின்றன.

இதே கல்வெட்டுகளை 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி எடுத்திருக்கிறார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ்தான்! 21 அச்சுகளை ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படம்.

பிள்ளைகளைத் தஞ்சாவூருக்கு அழைத்து வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள் சார். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில், நாலு மணிக்குக் கோயில்.