புதுப்பிப்பு: டப்பா கிடைத்துவிட்டது!

சிங்கப்பூர் ஃபோர்ட் கேனிங் பூங்காவில் ஒரு மணி நேரம் தேடியும் ஜியோகேஷ் (ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டுக்காக யாரோ ஒளித்துவைத்த டப்பா) கிடைக்கவில்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேன். நேற்று அக்கா குடும்பத்தோடு மறுபடி போனோம். தப்பு எங்களுடையதுதான். ஜிபிஎஸ் காட்டிய புள்ளியையே சுற்றிச் சுற்றி வந்தோம். அடர்ந்த மரங்களுக்குக் கீழே அது சில மீட்டர் தள்ளிக் காட்டும். இந்த முறை போனைப் பையில் போட்டுவிட்டு, நாமே ஒளித்தால் எங்கே வைப்போம் என்று யோசித்தோம். அக்கா மகள்தான் கண்டுபிடித்தாள். காந்தம் வைத்த கட்டைவிரல் அளவு டப்பா, உள்ளே, கண்டுபிடித்தவர்கள் கையெழுத்துப் போடுவதற்கான சுருட்டிய தாள். எதில் ஒட்டியிருந்தது? சொல்ல மாட்டேன், அடுத்தவர் தேட வேண்டாமா? அப்புறம், பேனாவை வீட்டிலேயே விட்டுவிட்டோம்! பெஞ்சில் இருந்த பெரியவரிடம் இரவல் வாங்கித்தான் கையெழுத்துப் போட்டோம். எதற்கு என்று அவர் கேட்க, சின்னவன் ரகசியம் முழுவதையும் உளறிவிட்டான்.