மறு: ரீபெர்ஃப்யூஷன் இஞ்சுரி – ‘மீள்பாய்ச்சல் சேதம்’ என்று வைக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

இரத்த ஓட்டம் நின்றிருந்த உறுப்பில் அது மீண்டும் பாயும்போது நேரும் சேதத்தைத்தான் ஆங்கிலத்தில் ரீபெர்ஃப்யூஷன் இஞ்சுரி என்கிறார்கள். அதற்குத் தமிழாக நேற்று மருத்துவ நண்பர் அனுப்பிய ‘மீள்குருதியூட்டக் காயம்’ எனக்கு ஒட்டவில்லை. ஊட்டம் என்றதும் சத்துதான் நினைவுக்கு வருகிறது, போதாக்குறைக்குக் குருதியேற்றம் என்று ஏற்கெனவே ஒரு சொல் புழங்குவதால், யாரோ பாட்டில் பாட்டிலாக இரத்தம் ஏற்றியதில் வந்த கோளாறு என்று படிப்பவர் நினைத்துவிடுவார்.

சும்மா சொல்லவில்லை. என் மாமாவுக்குக் கல்லீரல் மாற்று அறுவை நடந்தபோது கையெழுத்துக்கு வந்த தாளில் ‘மறு ஊடுருவல் காயம்’ என்று அச்சாகியிருந்தது. கடலூரிலிருந்து கூடவே வந்திருந்த அத்தை அதை இரண்டு தரம் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “யாருப்பா ஊடுருவுனது?” என்றார்.

சரி, உள்ளே நடப்பது என்ன? எடுத்த கல்லீரல் பதனக் கரைசலில், 4 டிகிரிக் குளிரில், இரத்த ஓட்டமில்லாமல் மணிக்கணக்காகக் கிடக்கிறது. செல்களில் சக்சினேட் என்ற எரிபொருள் எரியாமல் தேங்குகிறது. குழாய்களைத் தைத்துக் கிளாம்பைத் தளர்த்தியதும் ஆக்சிஜன் குபுகுபுவென்று வர, செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியா அந்தச் சக்சினேட்டை அவசர அவசரமாக எரித்து, செல்லை அரிக்கும் சூப்பராக்சைடைக் கக்குகிறது; கல்லீரலிலேயே குடியிருக்கும் குப்ஃபர் செல்கள் என்ற காவல் செல்கள் கிளர்ந்து வெள்ளணுக்களைக் கூப்பிட, நுண்குழாய்களின் உட்சுவர் சிதைகிறது. பட்டினியில் பாதி அடி, சோறு வந்ததில் மீதி அடி.

வீராணம் பாசனத்தில் கடைமடைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். மாதக்கணக்கில் காய்ந்து வெடித்த வாய்க்காலில் மதகை ஒரேயடியாகத் தூக்கினால், நண்டு வளை இருக்கிற இடமாகப் பார்த்துக் கரை உடையும், முதல் தண்ணீர் குப்பையையும் சேற்றையும் அடித்துக்கொண்டு வரும். அறுவை அரங்கிலும் ஏறக்குறைய அதேதான்: பதனக் கரைசலில் பொட்டாசியம் மிகுதி, அது நேரே இதயத்துக்குப் போனால் துடிப்பு தடுமாறும் என்பதால், கல்லீரலைக் கழுவி அந்த முதல் தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் உடம்போடு திறந்துவிடுகிறார்கள். அப்படியும் இரத்த அழுத்தம் சடாரென்று இறங்குவதுண்டு, மயக்க மருத்துவர் அந்த ஐந்து நிமிடம் திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்.

அதனால்தான் ‘மீள்பாய்ச்சல்’. பாய்வு என்றால் தானாக ஓடுவது, பாய்ச்சல் என்றால் ஒருவர் திறந்துவிடுவது. (புலிப் பாய்ச்சலும் அதில் இருக்கிறது, இருக்கட்டும்.) காயம் வேண்டாம், காயம் என்றால் அத்தை தையல் போட்ட இடத்தைத்தான் காட்டுவார். ‘ஊறு’ நல்ல சொல், ஆனால் பாய்ச்சலுக்குப் பக்கத்தில் வைத்தால் தண்ணீர் ஊறுகிறது.

இன்னொரு வசதி, இதிலிருந்து மற்றவையும் கிளைக்கும். எடுத்த உறுப்பைக் கருவியில் பொருத்தி, உள்ளே திரவத்தைப் பாய்ச்சிக் காப்பதைக் கருவிப் பாய்ச்சல் எனலாம். 37 டிகிரியில் செய்தால் உடல்வெப்பப் பாய்ச்சல், குளிரிலேயே ஆக்சிஜன் கொடுத்துச் சக்சினேட்டை மெல்லக் கரைத்தால் குளிர் ஆக்சிஜன் பாய்ச்சல். 2018இல் நேச்சர் இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வில், ஐஸ் பெட்டியில் வந்தவற்றைவிட உடல்வெப்பப் பாய்ச்சலில் வைத்த கல்லீரல்களில் சேதம், செல்கள் சிதைந்து கசியும் நொதிகளை வைத்துப் பார்த்தால், பாதிதான்.

இரத்த ஓட்டம் தடைபடும் நிலையான இஸ்கீமியாவுக்குக் ‘குருதி வறட்சி’ என்று சொல்லிப் பார்த்தேன். நீரிழப்போடு குழம்பாதா என்று மருத்துவ நண்பர் கேட்பார், நியாயம்தான், குருதித்தடை என்றே வைத்துக்கொள்ளலாம். பாய்ச்சலை மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.